விளக்கோடு வந்த ஆறு படங்கள்

கொம்பியூட்டரில் படத்தின் பின்புறத்தை வெட்டி எடுக்கிற வேலையில் மட்டக்களப்பு டவுணுக்குள்ளே என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரை முதலில் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்ல முடியாது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. ஒரு ஸ்டூடியோவில் வேலை. முன்னால் முதலாளி படம் எடுக்கிற அறை, பின்னால் என்னுடைய கொம்பியூட்டர், ஒரு ஸ்கானர், ஒரு பிரிண்டர். கலியாணப் படமும் அடையாள அட்டைப் படமும் செய்தோம்தான். ஆனால் அந்த வருசங்களில் எங்கள் கடை ஓடியது மரண அறிவித்தலாலும் முப்பத்தோராம் நாள் நினைவு நோட்டீசாலும்தான். சொல்லவே வாய் கூசுகிறது.

ஆட்கள் கொண்டு வருகிற படங்களைப் பார்க்க வேண்டுமே! செத்துப்போனவரைத் தனியாக எடுத்த படம் ஒருவரிடமும் இருக்காது. கோயில் திருவிழாக் கூட்டத்தில் நாலாவது ஆளாக நிற்பார். யாரோ ஒருவரின் கலியாணத்தில் பந்தல் காலுக்குப் பக்கத்தில் முக்கால்வாசி முகம் தெரியும். அதை ஸ்கான் பண்ணி, பெரிதாக்கி, முகத்தின் ஓரமாக மவுசால் புள்ளி புள்ளியாகக் கோடு இழுத்து, ஆளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அழிக்க வேண்டும். அழித்த இடம் திரையில் வெள்ளையும் சாம்பலுமாய்ச் சின்னச் சின்னச் சதுரமாகத் தெரியும். அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதற்குப் பின்னால் நீங்கள் எதை வைத்தாலும் அது அப்படியே தெரியும்.

சேவ் பண்ணுகிற இடத்தில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். ஜேபெக்கில் போட்டால் அந்த ஒன்றுமில்லாத இடம் வெள்ளையாக நிரம்பிவிடும். பிறகு அந்த முகத்தை மேகத்திலோ கோபுரத்திலோ வைத்தால் ஆள் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் நிற்பார். ஜிஃப்பில் போட்டால் தலைமயிர் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கும். பிஎன்ஜியில்தான் வெட்டியது வெட்டியபடியே நிற்கும். ஆனால் ஃபைல் பெரிது. "எல்லாத்தையும் ஜேபெக்கில போடு புள்ள, உள்ளுக்கு இடமில்ல" என்று முதலாளி கத்துவார். நான் காதில் வாங்கமாட்டேன். முகம் என்றால் பிஎன்ஜி, எல்லாம் ஒட்டி முடிந்து அச்சுக்கூடத்துக்குப் போகும்போதுதான் ஜேபெக். அதில் நான் ஒருவருக்கும் அடங்கியதில்லை.

இது போதாதென்று நான் இன்னொரு கெட்டித்தனமும் செய்து வைத்திருந்தேன். விசைப்பலகையின் மேல்வரிசையில் எஃப் ஐந்து, எஃப் ஆறு என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விசை. வெட்டிய முகத்தைத் திரையில் வைத்து எஃப் ஐந்தை அழுத்தினால் பின்னால் வெறும் இளநீலம் வரும். அது விண்ணப்பப் படங்களுக்கு. எஃப் ஆறை அழுத்தினால் மேகம் வரும், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வரும், கீழே மலர்வு, உதிர்வு என்று எழுத்து வரும். பிறந்த நாளை மலர்வு என்றும் செத்த நாளை உதிர்வு என்றும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எதை அழுத்தினாலும், முன்கூட்டியே எண்ணிக்கை போட்டிருந்தால் அத்தனை படமும் நேரே பிரிண்டருக்கும் போய்விடும். ஒரு மணித்தியால வேலை அரை நிமிசத்தில் முடிந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் எப்படி என்று வந்து கேட்டார்கள். நானா சொல்லிக் கொடுப்பேன்?

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த அக்கா வந்தா. ஊர் நாவற்குடா. முப்பது வயது இருக்கும். நெற்றி நிறையக் குங்குமப் பொட்டு. பாடசாலைக் கொப்பி ஒன்றுக்குள் மடங்காமல் வைத்து ஒரு படம் கொண்டு வந்திருந்தா. அவவுடைய புருசன் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை வயல்வட்டையில் நெல்லுச் சூடடிக்கப் போனவர், நாலு மாதமாகத் திரும்பவில்லை. யார் பிடித்தது, எங்கே வைத்திருக்கிறது, இருக்கிறாரா இல்லையா, ஒன்றும் தெரியாது.

"வியாழக்கிழமை கொழும்பில இருந்து ஒரு குழு வருகுதாம் தங்கச்சி. காணாமப் போன ஆக்கள்ற பேரும் படமும் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சிறையா, மறியலாத் தேடுவாங்களாம். அந்த ஒரு நாள்தானாம். ஆள் தனிய நிக்கிற மாதிரி ஆறு படம் வேணும் எண்டு சொன்னாங்க."

அந்த நாளை விட்டால் மறுபடி எப்போது வருவார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒரு நாளின் பெறுமதி எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

படத்தில் அவர் யாருடையதோ மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பக்கத்தில் சிநேகிதன் ஒருவன். நான் அக்காவைப் பிரிண்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். அவ கழுத்தை நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அந்தக் காதை வெட்டிப் போடாதகா தங்கச்சி. இடது காது நுனி கொஞ்சம் பிஞ்சிருக்கும். சின்னனில கடுக்கன இழுத்துப் பிச்சிட்டாராம். அதை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கலாம்."

நான் அந்தக் காதை நாலு மடங்கு பெரிதாக்கி, பிய்ந்த நுனியை விடாமல் சுற்றி வந்தேன். சிநேகிதன் போனான், மோட்டார் சைக்கிள் போனது, பின்னால் நின்ற வாழை போனது. சதுரங்களுக்கு நடுவில் அவர் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "அச்சொட்டா அவர்தான்! கதைக்கிறாப்போல இருக்கு" என்றா. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிஎன்ஜியில் சேவ் பண்ணினேன். ஆறு என்று எண்ணிக்கை போட்டேன். அவவின் பக்கம் திரும்பி, "அரை நிமிசத்தில பாருங்கக்கா, இந்த டவுணில வேற ஆரும் இப்பிடிச் செய்து தரமாட்டாங்க" என்று பெருமை பீற்றிக்கொண்டே விசையை அழுத்தினேன். விசையை நான் பார்க்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து முகம் வந்தால் ஒன்பது முகத்துக்கு எஃப் ஆறு. கை அதற்குத்தான் பழகியிருந்தது.

முதல் படம் வெளியே வந்தபோது அவதான் கையில் எடுத்தா. எனக்கு முந்தி எடுத்துவிட்டா.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என்ன சொல்லப்போகிறா என்று. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. எட்டிப் பார்த்தேன். குத்துவிளக்குகள். மேகம். சிரிக்கிற முகத்துக்குக் கீழே மலர்வு, உதிர்வு, பக்கத்தில் திகதிக்கு வெற்றிடம். பாய்ந்து பிரிண்டரை நிறுத்தப் பார்த்தேன், அந்தச் சனியன் ஆறையும் துப்பிவிட்டுத்தான் நின்றது.

"இது என்ன தங்கச்சி?"

அந்த இடத்தில், "ஐயோ அக்கா, என்ர கை பிழைச்சுப் போச்சு, எல்லாருக்கும் விளக்கு வச்சு வச்சுப் பழகின கை" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஏசியிருப்பா, அழுதிருப்பா, போயிருப்பா. ஆனால் சத்தம் கேட்டு முதலாளி வந்து கதவில் நின்றார். டவுணிலேயே திறமான ஆள் என்று அவர் என்னை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அவருக்கு முன்னால் மூக்குடைபட எனக்கு மனமில்லை.

"அது மெஷின் பிழை அக்கா" என்றேன்.

"மெஷின் தானா எப்பிடிகா விளக்கு வைக்கும்?"

முதலாளி என்னைக் காப்பாற்ற வந்தார். நல்ல மனுசன், வாடிக்கைக்காரரைச் சமாளிக்கிற பழக்கத்தில் பூசி மெழுகினார். "அது ஒண்டுமில்ல தங்கச்சி. பழைய ஃபைல் ஒண்டு உள்ளுக்குக் கிடந்திருக்கும், அதோட கலந்து வந்திட்டு."

அவ மெதுவாகக் கதிரையில் இருந்தா.

"பழைய ஃபைலா? அப்ப இவர்ர படம் முந்தியே இஞ்ச வந்திருக்கு."

"இல்லக்கா, அப்பிடியில்ல..."

"ஆர்கா கொண்டந்து தந்த? தேத்தாத்தீவு ஆக்களா?"

கலியாணம் முடித்ததும் ஆம்பிளை பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் எங்கள் ஊர் முறை. அவரும் தேற்றாத்தீவிலிருந்து நாவற்குடாவுக்கு வந்தவர். அங்கே அவருக்கு ஓர் அக்கா. அவர் காணாமல் போன நாளிலிருந்து, நீதான் அவனைப் போகவிட்டாய் என்று அந்த மச்சாள் இவவோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அதனால் அவர்கள் ஏதோ அறிந்து, தனக்குச் சொல்லாமலேயே நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார்கள் என்று இவவுக்குப் பட்டுவிட்டது. படத்தான் செய்யும். நாங்கள் இரண்டு பேரும் அப்படிக் கதைத்தோம்.

இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே எஃப் ஐந்தை அழுத்தி ஆறு நீலப் படம் அடித்துக் கொடுத்தேன். வாங்கிக் கொப்பிக்குள் வைத்தா. அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விளக்கு வைத்த படங்களை நான் பொறுக்கிக் கிழிக்கப் போனேன். ஒன்றை மட்டும் அவ விடவில்லை. அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனா, வீட்டுப் பக்கம் இல்லை.

அடுத்த நாள் தேற்றாத்தீவிலிருந்து அந்த மச்சாள் வந்தா. நல்ல உயரம், கணீரென்ற குரல். வாசலிலேயே தொடங்கிவிட்டா.

"ஆர் இஞ்ச படம் வெட்டுற புள்ள? எங்கட தம்பி செத்துப்போனான் எண்டு நாங்க நோட்டீஸ் அடிச்சமாம். அவள் வந்து மண்ணள்ளித் தூத்திப் போட்டுப் போறாள். நாங்க எப்பகா வந்த? சொல்லு, என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு!"

"நீங்க வரல்ல" என்றேன்.

"அப்ப ஆர் வந்த?"

இரண்டாம் தடவையாக எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. யாரும் வரவில்லை, நான்தான் பிழை விட்டேன் என்று ஒரு வசனம். முதலாளி கூட அப்போது கடையில் இல்லை. ஆனால் நேற்று மெஷின் என்றவள் இன்று கை என்றால் பொய்க்காரி என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். பொய்க்காரி என்று பேர் எடுக்காமல் இருக்கப் பொய்யைக் காப்பாற்றினேன். சீ! "எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா, முதலாளியிட்டக் கேளுங்க" என்று திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவவின் குரல் அப்படியே அடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் தெரியாது என்று ஒருவர் முகத்தைத் திருப்பினால், தெரியும் ஆனால் சொல்லப் பயம் என்றுதான் ஊரில் அர்த்தம். நானும் அப்படித்தான் மற்றவர்களின் தெரியாதுகளை விளங்கிக்கொண்டு வளர்ந்தவள். அவ கிட்ட வந்து என் தோளில் கை வைத்தா.

"பயப்படாத மகள். ஆரெண்டு நீ சொல்ல வேணாம். பெரிய இடத்து ஆக்கள் எண்டா நீ என்ன செய்வாய்? தம்பி இல்ல எண்டது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அது போதும்."

அவ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், வீதியில் நின்று ஓவென்று அழுதா. ஆட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கதவை மெதுவாகச் சாத்தினேன்.

புதன்கிழமை கடை அரைநாள்தான். நாவற்குடா அப்படி ஒன்றும் தூரமில்லை, சைக்கிளில் போனால் அரை மணித்தியாலம் கூட ஆகாது. போய்ச் சொல்லிவிட்டால் அக்கா அடுத்த நாள் குழுவிடம் படத்தைக் கொடுத்துவிடுவா. மத்தியானம் முழுக்க இதையேதான் நினைத்தேன். பிறகு தலை முழுகினேன். முடி காயவேண்டும் என்று முற்றத்தில் இருந்தேன். காய்ந்த பிறகும் இருந்தேன். சுற்றிவளைப்பு இருந்தது, ரோட்டை மறித்திருந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்று ரோட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை.

வியாழக்கிழமை வேலைக்குப் போகும்போது அந்தக் குழு இருந்த கட்டிடத்துக்கு முன்னால் வரிசை வளைந்து நின்றது. எல்லாம் பொம்பிளைகள், ஆளுக்கொரு படம் நெஞ்சோடு. அதில் எத்தனையோ நான் வெட்டிக் கொடுத்த முகங்கள், இளநீலப் பின்புறத்தோடு. சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையின் தலையிலிருந்து வால் வரை பார்த்தேன். அக்கா இல்லை. மத்தியானம் சாப்பாட்டைச் சாட்டி இன்னொரு தடவை வந்து பார்த்தேன். பின்னேரம் குழுவின் ஆட்கள் கதிரைகளைத் தூக்கி வான் வண்டியில் ஏற்றினார்கள்.

வெள்ளிக்கிழமைதான் போனேன். எல்லாம் முடிந்த பிறகு போகிற கெட்டிக்காரி.

ஒழுங்கைக்குள் திரும்பும்போதே வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. வளவுக்குள் பாய் விரித்து ஆட்கள் இருந்தார்கள். தேற்றாத்தீவு மச்சாளும் இருந்தா. அவ அக்காவைத் தன் மடியில் சாய்த்து வைத்திருந்தா. நாலு மாதமாக முகம் பார்க்காத இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். சவம் இல்லாத செத்தவீடு. நடுவில் ஒரு ஸ்டூலில் என்னுடைய அந்தப் படம், விளக்கும் மேகமுமாக. அதற்கு முன்னால் உண்மையான விளக்கு ஒன்று எரிந்தது. அக்காவின் நெற்றி வெறுமையாக இருந்தது.

நான் பாயில் இருந்து அவவின் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நினைப்பில் பக்கத்து விசையை அழுத்தியது, முதலாளிக்குப் பயந்து மெஷின் என்று சொன்னது, பழைய ஃபைல் என்று ஒன்றுமே இல்லாதது, யாரும் வராதது. அழுது அழுது சொன்னேன். பிழை முழுக்க என்னுடையது அக்கா, அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நீங்கள் தேடுங்கள் என்றேன்.

அவ பொறுமையாகக் கேட்டா. பிறகு என் கன்னத்தைத் துடைத்துவிட்டா.

"அண்டைக்கு மெஷின் எண்டாய். மச்சாளிட்டத் தெரியாது எண்டாய். இண்டைக்குக் கை எண்டுறாய். என்னைத் தேத்துறத்துக்கு இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்திருக்காய். நீ நல்ல புள்ளகா."

நல்ல பிள்ளை! செருப்பால் அடித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மச்சாள் எழும்பிப் போய் எனக்கு ஒரு பிளேன்ரீ கொண்டு வந்து தந்தா. அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு வயதான மனுசி கடைக்கு வந்து அவசரமாக நாலு பாஸ்போட் சைஸ் படம் கேட்டா. அந்த வியாழக்கிழமை வரிசையில் நின்றவ. மகன் தெற்கில் ஒரு மறியலில் உயிரோடு இருக்கிறான், பார்க்கப் போக அனுமதிக்குப் படம் வேண்டும் என்றா. குழு கொண்டு போன படத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்களாம். முகத்தில் ஈயாடாமல் நான் நின்றதைப் பார்த்து, "என்ன புள்ள, உனக்குச் சந்தோசமில்லையா?" என்று கேட்டா. சந்தோசம் அம்மா என்றேன். அவவுடைய படத்துக்கு மேல்வரிசை விசைகளை ஒவ்வொன்றாக எண்ணிப்போய் எஃப் ஐந்தை அழுத்தினேன்.

அந்தக் கிழமையே நாவற்குடா அக்கா வந்தா, மச்சாளோடு. வெள்ளைச் சேலை. முப்பத்தோராம் நாளுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும். நான் வேலையைத் தொடங்காமல், தெற்கில் ஒருவர் இருக்கிற செய்தியைக் கொட்டினேன். "இப்பவும் காலம் போகல்ல அக்கா. நான் விலாசம் எடுத்துத் தாறன், உங்களோட நானே வாறன், படத்தை அனுப்புவம்."

அக்காவின் கண் ஒரு கணம் என் முகத்தில் நின்றது. உதடு ஏதோ சொல்லப் பார்த்தது. அப்போது மச்சாள், "இவளைத் திரும்பவும் விசராக்காத மகள். இப்பதான் ரெண்டு நாளாச் சோறு தின்னுறாள்" என்றா. அக்கா தலையைக் குனிந்தா.

"அது அந்தத் தாய்ர அதிட்டம் தங்கச்சி. நீ படத்தை அடி."

ஃபைலைத் திறந்தேன். சதுரங்களுக்கு நடுவில் அவர் அதே மாதிரிச் சிரித்தார், பிய்ந்த காது நுனி கூடத் தெளிவாக. இந்த முறை எண்ணிக்கை போடாமல், விசையைப் பார்த்து எஃப் ஆறை அழுத்தினேன். விளக்குகள் வந்தன. பேரை அடித்தேன். மலர்வுக்கு அக்கா திகதி சொன்னா, அடித்தேன். உதிர்வில் கேர்சர் வந்து நின்று விட்டு விட்டு மின்னியது. படுவான்கரைக்குப் போன நாளைச் சொல்வா என்று நினைத்தேன். அதுவும் ஒரு கணக்குத்தானே.

"உதிர்வுக்கு என்ன போடக்கா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. கேட்கத் தேவையில்லாததை நான் கேட்ட மாதிரி.

"அந்தத் திங்கக்கிழமைகா. நான் இந்தக் கதிரையில இருந்து படத்தைக் கையில எடுத்தனே, அண்டையில இருந்துதானே முப்பத்தொண்டு எண்ணியிருக்கம்."

நான் அந்தத் திகதியை அடித்தேன்.